கஞ்சா இயற்கைதான், சரி. புகை?

"சிகரெட்லதான் கெமிக்கல், கஞ்சா வெறும் செடி, நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது" என்று மெத்தப் படித்தவர்களே அடித்துச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எந்த இலையைக் கொளுத்தினாலும் தார் வரும், கார்பன் மோனாக்சைடு வரும். துளசியைச் சுருட்டிப் பற்றவைத்தாலும் இதே கதைதான்.

கஞ்சாவில் கூடுதல் சிக்கல் அதை இழுக்கிற விதம். ஃபில்டர் பெரும்பாலும் கிடையாது. ஆழமாக இழுத்து, மூச்சை அடக்கி, முகம் சிவக்கிறவரை புகையை உள்ளேயே வைத்திருப்பார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் நுரையீரல் மருத்துவர் டொனால்ட் டாஷ்கின் குழு இதை அளந்து பார்த்து 1988இல் வெளியிட்டது: ஒரு சிகரெட்டோடு ஒப்பிட்டால் உள்ளே போகும் தார் சுமார் 3 மடங்கு, ரத்தத்தில் கூடும் கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய 5 மடங்கு. "நாளைக்கு ரெண்டு மூணுதானே" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

வருடக்கணக்கில் இப்படி இழுப்பவர்களில் சிலருக்கு நுரையீரலின் மேல்பகுதியில் காற்றறைகள் சிதைந்து பெரிய பெரிய காற்றுக் கொப்புளங்கள் உண்டாகின்றன. அதில் ஒன்று வெடித்தால் நுரையீரல் சுருங்கிவிடும், நெஞ்சில் குழாய் போட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். மெல்பர்ன் மருத்துவர்கள் 2008இல் இப்படிப் பத்துப் பேரைப் பற்றி எழுதினார்கள், சராசரி வயது 41. புகையிலைக்காரர்களுக்கு இது பெரும்பாலும் அறுபதைத் தாண்டி வருவது.

கனடாவில் 2018இல் சட்டபூர்வமாக்கினார்களே, அங்கே ஒட்டாவாவில் சிடி ஸ்கேன்களைப் பார்த்து 2022இல் வெளியிட்ட ஆய்வில் கஞ்சா புகைத்த 56 பேரில் 75 சதவீதம் பேருக்கு எம்ஃபிசீமா, அதாவது காற்றறைகள் சிதையும் நோய். சின்ன ஆய்வு, அவர்களில் பலர் சிகரெட்டும் பிடித்தவர்கள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதற்காக "கஞ்சா அடித்தால் கேன்சர்" என்று பயமுறுத்துவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதே டாஷ்கின், தொடர்பு இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடி, 2006இல் நுரையீரல் புற்றுநோயோடு தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். பெரியவர்கள் ஒரு இடத்தில் மிகைப்படுத்தினால் பையன்கள் மிச்சத்தையும் நம்ப மாட்டார்கள், அவ்வளவுதான்.

நிறுத்தினால் இருமலும் சளியும் பெரும்பாலும் குறையும். சிதைந்த காற்றறை திரும்ப வராது. அப்புறம், திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு குத்தி மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டாக்டரிடம் "எப்பவாவது சிகரெட்" என்று மழுப்பாமல் கஞ்சா என்றே சொல்லுங்கள். எத்தனை வருடம் என்பதையும் சேர்த்து.