வாக்கரில் விட்டால் குழந்தை சீக்கிரம் நடக்காது

“ஆறு மாதத்திலேயே வாக்கரில் உட்கார வையுங்கள், கால் பலப்படும், சீக்கிரம் நடக்கும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறான செய்தி. சக்கர வாக்கரில் குழந்தை அதன் சீட்டில் தொங்கியபடி நுனிக்காலால் உந்தித்தான் நகர்கிறது. உடம்பைத் தாங்கும் இடுப்பு, முதுகுத் தசைகளுக்கு வேலை குறைவு. நடப்பது தள்ளிப்போகவும் கூடும். படியில் உருண்டு தலையில் அடிபடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. கனடா 2004லேயே இதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் தடை கேட்கிறது. கனடா சுகாதாரத் துறை, அந்தச் சங்கம் இரண்டின் இணையதளத்திலும் பார்க்கலாம்.

நம் மர நடைவண்டி வேறு. அதைக் குழந்தை தானே நின்று தள்ளுகிறது. ஆனாலும் பக்கத்தில் ஆள் வேண்டும். தரையில் தவழவிடுங்கள், கட்டிலைப் பிடித்து எழட்டும். 18 மாதமாகியும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.