121 தோல்விக்கு மேனேஜரா காரணம்?

2024 சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி பற்றிப் பேச்சு வந்தாலே "பாவம், நேரம் சரியில்லை" என்று ஒரு அனுதாபம் வரும். நேரமெல்லாம் இல்லை. 41 வெற்றி, 121 தோல்வி. 1962-ல் புதிதாகப் பிறந்த நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றதுதான் நவீன காலத்தின் மோசமான கணக்கு. அதையும் தாண்டிவிட்டார்கள்.

அதிர்ஷ்டக் குறைவா என்று பார்க்க எளிய வழி உண்டு. எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள். எடுத்தது 507, கொடுத்தது 813. விடை 0.28, அதாவது அந்த ரன்களுக்கு நியாயமாக வர வேண்டிய வெற்றி விகிதம். அதை 162 ஆட்டத்தால் பெருக்கினால் 45 வெற்றி. ஆக, அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடிவது நாலே நாலு ஆட்டம்.

மே 23 ஆட்டத்தை இன்னும் சொல்லிப் புலம்புகிறவர்கள் உண்டு. பால்டிமோருக்கு எதிராக 6-8, ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு அவுட், முதல் இரண்டு பேஸிலும் (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய நிலைகள்) ஆள். ஒயிட் சாக்ஸின் பெனின்டெண்டி அடித்த பந்து உள்வட்டத்துக்கு மேலேயே உயர்ந்தது. இன்ஃபீல்டு ஃப்ளை விதிப்படி, பந்தைப் பிடிக்காவிட்டாலும் பேட்டர் அவுட். இரண்டாம் பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓட்டக்காரர் வான், பந்தைப் பிடிக்க வந்த பால்டிமோர் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) ஹெண்டர்சனின் வழியில் நின்றுவிட்டார் என்று அம்பயர் அவரையும் அவுட் என்றார். ஹெண்டர்சன் பந்தைச் சாவகாசமாகப் பிடித்தும்விட்டார்! மூன்று அவுட் ஆகிவிட, ஆட்டம் முடிந்தது. கொடுமைதான். ஆனால் அது ஒரே ஒரு ஆட்டம்.

உண்மையான நோய் பேட்டிங். பேட்டர்கள் பேஸ் ஏறிய விகிதம் .278. நூறு முறை மட்டை பிடித்தால் 28 முறைதான் ஆள் பேஸில். பேஸில் ஆளே இல்லாதபோது ஹோம் ரன் அடித்தாலும் ஒரு ரன்தானே? ஏப்ரல் முதல் பாதியிலேயே ராபர்ட்டும் மொன்காடாவும் காயத்தில் உட்கார, அவர்கள் இடத்தை நிரப்ப ஆளில்லை.

பிட்சிங்கில் (பந்து எறிவதில்) குரோஷே ஒருவர்தான் வெளிச்சம், 146 இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது). அதற்கு முன் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டத்தைக்கூட முதல் பிட்சராகத் தொடங்கிப் பழக்கமில்லாத கை. ஆகவே ஜூலைக்குப் பிறகு பெரும்பாலும் 4 இன்னிங்ஸோடு உட்காரவைத்தார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் மீதி 5 இன்னிங்ஸை இழுக்க புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் கூட்டத்தில்) யார் இருந்தார்கள்?

தொடர்ந்து 21 தோல்வி. ஆகஸ்ட் 6-ல் ஓக்லாண்டில் அது முடிந்தது, ஆகஸ்ட் 8-ல் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) கிரிஃபோலுக்குச் சீட்டுக் கிழிந்தது. அவர் கையில் 28 வெற்றி, 89 தோல்வி; பின்னால் வந்த சைஸ்மோர் கையில் 13 வெற்றி, 32 தோல்வி. பத்து ஆட்டத்துக்கு அரை வெற்றிகூடக் கூடவில்லை. ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்க ஆளை மட்டும் மாற்றினார்கள்.

"ரீபில்ட் (அணியைப் புதிதாகக் கட்டுவது) நடக்கிறது, பொறுங்கள்" என்பார்கள். தோற்றுத் தோற்று டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்குவதில்) முதல் தேர்வை வாங்குவதுதானே அதன் கணக்கு? இங்கே அதுவும் இல்லை. வருமானப் பகிர்வில் பணம் கொடுக்கும் அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் டிராஃப்ட் லாட்டரிக்குள் (முதல் தேர்வுகளுக்கான குலுக்கல்) வர முடியாது. 2024-ல் 5-வது தேர்வை வாங்கியாயிற்று. அதனால் 121 தோற்றும் 2025-ல் கிடைத்தது 10-வது இடம். இந்த விதி உரிமையாளர் ரெயின்ஸ்டார்ஃபின் அலுவலகத்துக்குத் தெரியாததா? அந்த கிளப்பின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் பெனின்டெண்டிக்குக் கொடுத்த 7.5 கோடி டாலர். சிகாகோ அளவு ஊருக்கு அது சில்லறை.

செப்டம்பர் கடைசியில், 120 தோல்வியோடு வீடு திரும்பி ஏஞ்சல்ஸை மூன்று ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். கேலரியில் அப்போதும் எழுந்த கோஷம், "அணியை வித்துட்டுப் போ" என்பதுதான்.