கருந்துளை உறிஞ்சுவதில்லை
ஒளிகூடத் தப்ப முடியாத அளவு ஈர்ப்புள்ள கருந்துளைகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் கருந்துளை தன் அக்கம்பக்கத்தில் உள்ளதையெல்லாம் உறிஞ்சி விழுங்கிவிடும் என்று எழுதியிருப்பதை மட்டும் திருத்த வேண்டும். பள்ளியில் படிக்கும் என் மகளும் இதையே நம்பிப் பயந்துபோயிருந்தாள்.

சரி, சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை ஒன்றை வைத்தால் என்ன ஆகும்? இருளும் குளிரும் வரும். பூமி மட்டும் இப்போது போகிற பாதையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஈர்ப்பு விசை நிறையையும் தூரத்தையும் பொறுத்தது, இரண்டும் மாறவில்லையே! அந்தக் கருந்துளையின் ஆரம் வெறும் 3 கிலோமீட்டர்தான். அதை மிகவும் நெருங்கினால்தான் ஆபத்து.

நம் விண்மீன் மண்டலமான பால்வெளியின் நடுவிலேயே இதற்குச் சான்று உண்டு. அங்கே சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறையோடு ஒரு கருந்துளை இருக்கிறது. எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுற்றிவருகிறது. 2018 மே மாதம் மிக அருகில் போனபோது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 7,650 கிலோமீட்டர். அப்புறம் எதுவும் ஆகாமல் தன் பாதையில் விலகிப் போய்விட்டது. இந்த விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் கவனித்ததற்குத்தான் ரைன்ஹார்ட் கென்செலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 2020இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அவர்களைப் பற்றி ஒரு பத்தியாவது சேருங்கள்.