வெண்பா பழக உங்கள் ஊர்ப்பெயர் போதும்

பொழுதுபோக்காகக் கவிதை எழுதிப் பழக விரும்புகிறவர்கள் குறள் வெண்பாவில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதுக்கவிதை இலகு என்று நினைத்து அதில் இறங்குகிறவர்கள்தான் அதிகம். வீட்டில் தனியே இருந்து எழுதுகிறவருக்கு அதில் எது பிழைத்தது என்று சொல்ல ஆளில்லை. வெண்பாவில் பிழைத்தால் பிழைத்த சீரையே, அதாவது அடியின் அந்தத் துண்டையே, விரல் வைத்துக் காட்டலாம். மொத்தம் ஏழு சீர்தான்: முதலடியில் நான்கு, அடுத்ததில் மூன்று.

முதல் வாரம் கவிதையே எழுத வேண்டாம். ஒரு கொப்பியில் நம் கிழக்கிலங்கைப் பக்கத்து ஊர்ப்பெயர்களை எழுதி, சீருக்குள் இருக்கும் ஓசைத் துண்டுகளான அசைகளாகப் பிரித்துப் பாருங்கள். குறிலோ நெடிலோ தனித்து வந்தால் நேர். குறிலுக்கு அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ ஒட்டி வந்தால் நிரை. மெய்யெழுத்துக்குத் தனிக் கணக்கில்லை, ஆனால் அது வந்த இடத்தில் அசை முடிந்துவிடும். கல்/முனை நேர் நிரை, அதாவது கூவிளம். நிந்/தவூரும் பொத்/துவிலும் அப்படியே. அம்/பா/றை மூன்றும் நேர், தேமாங்காய். விபுலாநந்தர் பிறந்த கா/ரைதீ/வு கூவிளங்காய்.

இனித் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. மாவில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால் நேரில். வெண்பாவுக்கு இவ்வளவுதான் சட்டம். கடைசிச் சீர் மட்டும் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரும் குற்றியலுகரமும்), பிறப்பு (நிரையும் குற்றியலுகரமும்) என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். கனிச்சீருக்கு இடமில்லை. அதனால்தான் 'படுவான்கரை' என்று சேர்த்து எழுதினால் வெண்பாவுக்குள் வராது, அது புளிமாங்கனி. 'படுவான் கரை' என்று பிரித்து ஈற்றில் வையுங்கள், புளிமாவுக்குப் பின் மலர் என்று அழகாகப் பொருந்தும். 'மட்டக் களப்பு' தேமாவும் பிறப்புமாக, 'அக்கரைப் பற்று' கூவிளமும் காசுமாக ஈற்றில் வந்து உட்காரும். நம் ஊர்ப்பெயர்களுக்குள் இவ்வளவு ஓசை இருக்கும்போது எங்கிருந்தோ நிலவையும் மேகத்தையும் ஏன் கடன் வாங்க வேண்டும்?

ஒரு குறளைச் செய்து பார்ப்போம். 'வாவிக் கரையோரம் வலைகாயும் வேளையிலே' என்றுதான் முதலில் வாயில் வரும். கேட்கச் சரிபோல இருக்கும். ஆனால் 'கரையோரம்' காய்ச்சீர்; அடுத்து நேர் வர வேண்டிய இடத்தில் 'வலை' என்ற நிரை நிற்கிறது. தளை தட்டிவிட்டது. 'ஓரம்' என்பதை எடுத்துவிடுங்கள்:

வாவிக் கரையில் வலைகாயும் வேளையிலே
கூவி வருகிறது மீன்.

வாவி, கூவி எதுகை. இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்து இரண்டும் நெடிலாகவோ இரண்டும் குறிலாகவோ இருக்க வேண்டும். இங்கே 'கவி' என்று தொடங்கினால் எதுகையாகாது. முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் வா, வ மோனை. 'வேளையிலே' பலரும் தடுக்கி விழுகிற இடம். ஐகாரம் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் குறிலாகவே எண்ணப்படும், ஆகவே வே/ளையி/லே என்று காய்ச்சீர்தான். நெடிலாக எண்ணினால் வே/ளை/யிலே என்று கனிச்சீராகி, நல்ல சீரை வீணாக அழித்துவிடுவீர்கள்.

'ஆற்று ஓரம்' என்று பிரித்து எழுதி அசை எண்ணுவதும் இதே மாதிரித் தவறு. வாய் 'ஆற்றோரம்' என்றுதான் சொல்லும், வாய் சொல்வதைத்தான் எண்ண வேண்டும். எனவே எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள். வைகாசியில் கண்ணகையம்மன் கோயில்களில் கண்ணகி கதையான வழக்குரை படிப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு ஓசை எங்கே இடறுகிறது என்பது விரலுக்கு முன்பே தெரிந்துவிடும்.

சீர் குறைகிறதே என்று 'தான்', 'நன்றாம்', 'அம்மா' என்று இட்டு நிரப்புவதை நான் அறவே ஏற்கமாட்டேன். சொல் போதவில்லை என்றால் பொருள் போதவில்லை. வட்டை (வயல்வெளி), போடியார் (நிலக்காரர்), கிடுகு (பின்னிய தென்னோலை) என்று நாம் புழங்கும் சொற்களில் தேடுங்கள். போ/டியார் கூவிளம், வட்/டை தேமா.

யாப்பைச் சோதிக்க 'அவலோகிதம்' என்ற மென்பொருள் இருக்கிறது. நல்ல கருவிதான். கையால் பிரித்துப் பார்த்த பிறகே அதில் போடுங்கள், இல்லாவிட்டால் காது பழகாது.

பழகியதும் வாழைச்சேனையை முயன்று பாருங்கள். நான்கும் நேர். 'வாழைச் சேனை' என்று பிரித்தாலும் மாவுக்குப் பின் நேர் வந்து தளை தட்டும். 'நம்வாழைச் சேனை' என்று முன்னால் ஓரசை சேர்த்தால் முதற்சீர் காயாகி, அடுத்து நேர் வரலாம். ஆனால் 'சேனை' 'பற்று' போலக் குற்றியலுகரத்தில் முடியவில்லை, காசாகாது. அதனால் அதை ஈற்றில் வைக்காமல் முதலடிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.