மேலாளர் கடைசியில் பேசட்டும்

மீட்டிங்கைக் குறை சொல்லாத அலுவலகமே கிடையாது. நேரம் வீணாகிறது, சம்பந்தமில்லாதவர்களையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள், ஒரு மெயிலில் முடிந்திருக்கும்... எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய எரிச்சல் ஒன்று உண்டு. மேலாளர் வந்து உட்கார்ந்ததும், "இதை இப்படிச் செஞ்சிடலாம்னு நினைக்கிறேன், நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஆரம்பிப்பார் பாருங்கள், அதுதான்.

அதற்கு மேல் யார் என்ன சொல்வார்கள்? ஒருவர் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். இன்னொருவர் "நல்ல யோசனைதான் சார், ஒரே ஒரு சின்ன விஷயம்..." என்று இழுத்து, "பரவாயில்லை, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தானே விழுங்கிவிடுவார். மூன்று மாதம் கழித்து அந்தச் சின்ன விஷயம்தான் வாடிக்கையாளரின் புகாராக வந்து நிற்கும். அப்போது, "இதை ஏன் யாரும் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்பதற்கு இன்னொரு மீட்டிங் போடுவார்கள்.

பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. தீர்ப்பைப் பற்றிப் பதவியில் இளையவரின் கருத்தைத்தான் முதலில் கேட்பார்கள். மேலதிகாரி வாயைத் திறந்துவிட்டால் இளையவர் மாற்றிப் பேச மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். கட்டளைக்குக் கீழ்ப்படிவதே தொழிலாக இருப்பவர்களுக்குப் புரிந்தது, "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று சொல்லிக்கொள்கிற அலுவலகங்களுக்குப் புரியவில்லை.

அமேசானில் 2004-இல் ஜெஃப் பெசோஸ் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயிண்டை நிறுத்தினார். அதற்குப் பதில் ஆறு பக்கத்துக்குள் ஓர் அறிக்கை. கூட்டம் தொடங்கியதும் எல்லாரும் அதை அங்கேயே உட்கார்ந்து அமைதியாகப் படிக்க வேண்டும், பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். ஆறு பக்கம் எழுதுவது எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. ஆனால் பேச்சைத் தொடங்கும் முன் அவரவர் கருத்தை இரண்டு வரி எழுதிவைக்க என்ன செலவாகிவிடப் போகிறது?

அஜெண்டாவையும் கேள்வியாக எழுதுங்கள். "விலை நிலவரம்" என்று போட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். "அடுத்த மாதம் விலையை ஏற்றலாமா, வேண்டாமா?" என்று போட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 1957-இல் பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் கிண்டலடித்த கதைதான்: கமிட்டி அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தந்துவிட்டு, சைக்கிள் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசும்.

"எல்லாரும் பேசிவிட்டால் மேலாளர் எதற்கு?" என்று கேட்பீர்கள். முடிவெடுக்கத்தான். பெரும்பான்மைக்கு எதிராகக்கூட முடிவெடுக்கட்டும், தப்பில்லை. ஏன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு, யார், எதை, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதிய பிறகு எழுந்து போகட்டும்.

ஆன்லைன் மீட்டிங்கில் இது இன்னும் சுலபம். எல்லாரும் சாட்டில் கருத்தைத் தட்டி வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் அனுப்பலாம். கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் நிஜமாகவே உட்கார்ந்திருக்கிறாரா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.