மீட்டரைக் கையில் எடுக்காமலேயே ‘போர்டு போச்சு’ என்று சொல்வதற்கு எதற்கு ஒரு மெக்கானிக்?

வாஷிங் மெஷினில் தண்ணீர் நிரம்புகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நடப்பதில்லை. துணி புரளவில்லை, தண்ணீர் இறங்கவில்லை, பிழியவும் இல்லை. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் வந்த மெக்கானிக் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: “போர்டு போயிடுச்சு மேடம். மாத்தணும்.”

வாஷிங் மெஷின் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். எனக்குக் கோபம் வருவது, இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான அந்தப் போர்டின் விலையை நினைத்து மட்டுமல்ல. அந்த முடிவுக்கு வருவதற்கு அவர் செய்த வேலை என்ன என்பதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு பதறுகிறது. மூடியைத் தூக்கினார், இரண்டு நாளாகச் சோப்புத் தண்ணீரில் ஊறிப் புளித்த வாடை அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் சீருடைகளை ஒரு விரலால் ஒதுக்கினார், ஸ்டார்ட் பட்டனை மூன்று முறை அழுத்தினார், பேனலை முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. தோளில் மாட்டியிருந்த பையின் ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை.

“சத்தமே வரலையே, மோட்டாருக்குக் கரண்ட் போகுதான்னு பாத்தீங்களா?” என்று கேட்டேன். “அதெல்லாம் பாக்க வேண்டியதில்ல மேடம், இந்த மாடல்னா போர்டுதான்” என்றார். பார்க்க வேண்டியதில்லை என்றால் எதற்காக வந்தார்? இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே!

பழுதான இயந்திரம் தன்னால் முடிந்த அளவுக்குப் பேசத்தான் செய்கிறது, கேட்பதற்குத்தான் ஆளில்லை. என் வீட்டில் இருப்பது மேல்பக்கம் திறக்கும் பழைய வகை. அதில் துணியைப் புரட்டுவதும் பிழிவதும் ஒரே மோட்டார்தான். தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப்பும் அதே மோட்டாரின் தண்டில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருந்தால் துணி புரளாது, பிழியாது, ஆனால் தண்ணீர் இறங்கிவிடும். மோட்டார் திணறினால் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகலாவது கேட்கும். மோட்டார் கிளம்ப உதவும் கெபாசிட்டர் உள்ள இயந்திரங்களில் அது பலவீனமானாலும் அதே முனகல்தான். பம்ப் தனியாக இருக்கும் இயந்திரங்களில் ஒரு நாணயமோ ஹேர்பின்னோ குழந்தையின் சாக்ஸோ போய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் இறங்காது. தண்ணீர் உள்ளே இருப்பது தெரிவதால் இயந்திரம் பிழியவும் மறுக்கும். ஆனால் அதில்கூடத் துணி புரளத்தான் செய்யும். மூன்று வேலையும் ஒன்றாக நின்று, முனகல்கூட இல்லாமல் மயான அமைதி நிலவுகிறது என்றால், மோட்டாருக்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை என்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பாதையில் கைக்கு எட்டும் தூரத்தில், மூடிக்குக் கீழேயே, மூடி மூடியிருந்தால்தான் மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது.

மோட்டாரே எரிந்திருக்கலாம், ஒயர் விட்டிருக்கலாம், போர்டேகூடப் போயிருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் எளிதில் சோதிக்கக்கூடிய, விலை குறைந்த பாகத்திலிருந்து தொடங்கி, அது நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அடுத்ததற்குப் போவதுதானே முறை? விலை அதிகமான பாகத்திலிருந்து தொடங்குவதற்குப் பெயர் பழுது பார்ப்பதா?

மூடியை மூடும்போது முன்பெல்லாம் அந்த ஸ்விட்ச்சிலிருந்து ‘டிக்’ என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். அது சில நாட்களாக வரவில்லை. அதை அவரிடம் இரண்டு முறை சொன்னேன், இரண்டு முறையும் காதில் வாங்கவில்லை. மூன்றாவது முறை, “மீட்டரை வைத்துப் பாருங்கள், பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்” என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்தப் பையின் அடியிலிருந்து மல்டிமீட்டர் வெளியே வந்தது. அதாவது இவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது! பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்விட்ச்சின் இரண்டு முனைகளிலும் மீட்டரின் கம்பிகளை வைத்து, கையால் அழுத்திப் பார்த்தார். ஸ்விட்ச் நன்றாக இருந்தால் வர வேண்டிய ‘பீப்’ சத்தம் வரவில்லை. திரும்ப அழுத்தினார், அப்போதும் வரவில்லை. கழற்றி எடுத்தபோது, உள்ளே அழுந்த வேண்டிய பிளாஸ்டிக் நாக்கு பாதியில் ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய துண்டு.

“தப்பாச் சொல்லிட்டேன்” என்ற ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது இதுதான்: “அப்ப ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி விட்டுடறேன், ஓடிடும்.”

அந்த நிமிடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கை நடுங்கியது. பிழியும்போது அந்தத் தொட்டி நிமிடத்துக்கு 600 முறைக்கு மேல் சுழலும். மூடி திறந்தவுடன் அதை நிறுத்துவதற்காகவே அந்த ஸ்விட்ச்சை வைத்திருக்கிறார்கள். சுழலும் ஈரத் துணியில் விரல் சிக்கினால் கையையே முறுக்கிவிடும். குழந்தைகள் நடமாடும் வீடு என்று தெரிந்தும், கண்ணெதிரே சீருடை ஊறிக்கொண்டிருந்தும், அந்த ஒரே காவலையும் எடுத்துவிடலாம் என்று ஒருவரால் எப்படி இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிகிறது? ஒரு சின்ன ஸ்விட்ச்சுக்காகப் போர்டை மாற்றச் சொன்னதைக்கூட மன்னித்துவிடுவேன், இதை மன்னிக்க மாட்டேன்.

தண்ணீரை நானே இறக்கினேன். பிளக் பிடுங்கியபடியே இருக்க, பின்பக்கக் குழாயைக் கழற்றி, தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே தாழ்த்தி வாளியில் விட்டால் தண்ணீர் தானாக வந்துவிடுகிறது. ஆறு வாளி. சீருடைகளை மறுபடி அலசிக் கையால் பிழிந்து போட்டதில் மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது.

மறுநாள் புதிய ஸ்விட்ச் வந்தது. அதைப் பொருத்த அவருக்குக் கால் மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. மூடியதும் ‘டிக்’ கேட்டது, மோட்டார் ஓடியது, துணி புரண்டது. எல்லாம் முடிந்து அவர் நீட்டிய ரசீதில் ‘போர்டு சர்வீஸ்’ என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டுச் செய்த வேலையை எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்று சொல்லியிருக்கிறேன். ஒடிந்த ஸ்விட்ச் என் மேசைமேல்தான் இருக்கிறது. புதிய ரசீது இன்னும் வரவில்லை.