ப்ளூ லகூன் இயற்கை ஊற்று அல்ல

'ஐஸ்லாந்தின் ப்ளூ லகூன் பழங்கால இயற்கை வெந்நீர் ஊற்று, அதனால்தான் அங்கே குளிக்க அவ்வளவு விலை' என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அழகான இடம்தான், ஆனால் இந்தத் தகவல் தவறு. பக்கத்திலுள்ள ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின் நிலையம் 1976-ல் தொடங்கிய பிறகு, அது வெளியேற்றிய நீர் தேங்கி உருவான குளம் அது. எரிமலைப் பாறையின் இடுக்குகள் வழியே நீர் கீழே இறங்கிவிடும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நீரிலிருந்த சிலிக்கா (மணலில் இருக்கும் கனிமம்) படிந்து இடுக்குகளை அடைத்துவிட்டதால் நீர் அங்கேயே நின்றுவிட்டது. அந்த வெளிர்நீலமும் சிலிக்கா ஒளியைச் சிதறடிப்பதால் வருவதுதான்.

சரி, மின் நிலைய நீர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு எண்ணூர் அனல் மின் நிலையச் சாம்பல் நினைவுக்கு வரும். பயப்பட வேண்டாம், ஸ்வார்ட்செங்கியில் நிலக்கரி எரிப்பதே இல்லை. நிலத்தடியிலிருந்து எடுக்கும் உப்பு கலந்த வெந்நீரின் வெப்பத்தை மின்சாரத்துக்கும் வீடுகளைச் சூடாக்கவும் பயன்படுத்திய பிறகு மிஞ்சுவது அது. குளத்தில் 37 முதல் 40 டிகிரி வரை இருக்கும். தலைமுடி மட்டும் விறைத்துப்போகும், கண்டிஷனர் நிறையத் தடவிக்கொள்ளுங்கள்.

ப்ளூ லகூனிலேயே உள்ள ரிட்ரீட் ஸ்பா போன்ற சொகுசுப் பகுதிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தனிமைக்கும் வசதிக்கும்தான். இயற்கை ஊற்றுதான் வேண்டுமென்றால் ஐஸ்லாந்தின் மலைப்பகுதியிலுள்ள லாண்ட்மன்னலாய்கர் போகலாம். அப்புறம், 2023 டிசம்பரிலிருந்து ப்ளூ லகூன் பகுதியில் எரிமலை பலமுறை வெடித்து, அதையும் அவ்வப்போது மூடியிருக்கிறார்கள். பணம் கட்டுமுன் ரத்து விதிகளைக் கட்டாயம் படியுங்கள்.